மாற்றுவது திருத்துவதாகாது

எங்கள் ஊர்களில் வாகனம் திருத்துபவர்கள் குறைந்துவிட்டார்கள். வாகனத்தின் பாகங்களை மாற்றுபவர்கள் பெருகிவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இது ஒரு குற்றச்சாட்டு. குற்றவாளிகள் யார் யார் என்பதையும் சொல்வேன். அந்த வரிசையில் என் பெயரும் உண்டு.

விடயத்துக்கு வருவோம்.

எழுத்துத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், தம்பியின் தோட்டத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். 1986 ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹைலக்ஸ். 22ஆர் எனப்படும் 2,366 கனசென்ரிமீற்றர் பெற்றோல் எஞ்சின். நான்கு சிலிண்டர்கள், காபரேற்றர், டிஸ்ரிபியூற்றர். கணினி என்று சொல்ல அதில் எதுவுமில்லை. புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் விளைந்த வெங்காயத்தையும் பீற்றூட்டையும் விடியற்காலையில் மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோவது அதன் கடமை. சந்தைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப்போனால் விலை விழுந்துவிடும் என்பது தோட்டக்காரனுக்குத் தெரியும். ஆகவே அந்த வண்டி எங்களுக்கு ஆடம்பரமன்று, அடுப்பு எரிவதற்கான வழி.

2024 நவம்பரில், மாரிமழை தொடங்கிய நாட்களில், எஞ்சின் "மிஸ்" பண்ணத் தொடங்கியது. வேகமாக ஓடும்போது பெரிதாகத் தெரியாது. சந்தியில் நிறுத்தினால் வண்டி முழுவதும் குலுங்கும். பின்குழாயிலிருந்து டப், டப் என்று தாளம் தவறாத ஓர் ஓசை. சில வேளைகளில் எஞ்சின் நின்றேவிடும்.

பக்கத்துக் கராஜுக்குக் கொண்டுசென்றேன். "மழைத் தண்ணி பட்டிருக்கும் ஐயா, பிளக்கை மாத்திப் பாப்பம்" என்றார் அங்கிருந்த தம்பி. நான்கு பிளக்குகளும் அவற்றின் வயர்களும் மாறின. குலுக்கம் மாறவில்லை. "அப்ப கொயிலாத்தான் இருக்கும்" என்றார். கொயில் மாறியது. டிஸ்ரிபியூற்றர் மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் மாறின. குலுக்கம் மாறவில்லை. மூன்றாம் முறை, "ஐயா, இது காபரேற்றர்தான், சந்தேகமே இல்லை" என்றார். புதுப் பெட்டியில் வந்த, எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பெட்டியே சொல்லாத காபரேற்றர் ஒன்று பூட்டப்பட்டது. குலுக்கம் மாறவேயில்லை. கூலியோடு சேர்த்து 97,500 ரூபா போயிற்று. கடைசியில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு இது: "பழைய வண்டி ஐயா, இனி இப்பிடித்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்தின்மீதுதான் எனக்குக் கோபம்.

பழையது என்பது ஒரு நோயின் பெயரா? எழுபது வயதுக்காரர் நெஞ்சுவலி என்று வைத்தியரிடம் போனால், "உங்களுக்கு வயது போய்விட்டது" என்று சொல்லி அனுப்புகிற வைத்தியரை நாம் என்ன சொல்வோம்? எஞ்சின் தன் வயதை எண்ணிப் பார்த்து எரியாமல் விடுவதில்லை. குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில், குறிப்பிட்ட ஒரு காரணத்தால், எரிபொருள் எரியாமல் போகிறது. அந்தக் காரணத்தைத் தேடாதவர் தன் தோல்வியை வண்டியின் வயதின்மீது ஏற்றிவிடுகிறார். வண்டிக்கு மறுத்துப் பேச வாயில்லை.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோல் எஞ்சினின் ஒரு சிலிண்டர் வேலைசெய்ய மூன்று வேண்டும்: உரிய நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் காற்றும் பெற்றோலும் கலந்த கலவை, அந்தக் கலவையை இறுக்கிப் பிடிக்கும் அமுக்கம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எரிவு தவறும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரியவேண்டும். ஒன்று எரியாவிட்டால் அந்த 400 தள்ளுகளும் இல்லாமற் போகின்றன. மற்ற மூன்றும் செத்ததைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. வண்டி குலுங்குவது அதனால்தான். எரியாத பெற்றோல் பின்குழாயால் வெளியே போகிறது. ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்கிறது. 2022 ஜூன் 26 ஆந் திகதி ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு உயர்ந்ததையும், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரப் பங்கீட்டுக்கு வரிசையில் நின்றதையும் மறக்காதவர்களுக்கு, எரியாமல் வெளியேறும் பெற்றோல் என்றால் என்ன என்று நான் விளக்கவேண்டியதில்லை.

இனி, அந்த வண்டி எப்படித் திருந்தியது என்பதைச் சொல்கிறேன்.

உறவினர் ஒருவர் சொல்லி, எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவருக்குக் கராஜ் என்று பெயர்ப்பலகை கிடையாது. வீட்டு முற்றத்தில் ஒரு வேப்பமரமும், அதன் கீழ் ஒரு வாங்கும், பழைய ஆயுதப் பெட்டியும்தான். நான் அதுவரை மாற்றிய பாகங்களின் பட்டியலை ஒப்புவித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்ன மாத்தினது எண்டதை விடுங்கோ ஐயா. எது வேலை செய்யேல்லை எண்டு முதல் பாப்பம்" என்றார். அன்றுவரை அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

முதலில் அவர் பின்குழாயின் முன் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தார். ஓசை ஒழுங்கான தாளத்தில் தவறுகிறதா, அல்லது கண்டபடி தவறுகிறதா என்று கவனித்தார். ஒழுங்காகத் தவறினால் கோளாறு பெரும்பாலும் ஒரே சிலிண்டரில் இருக்கும். கண்டபடி தவறினால் நான்குக்கும் பொதுவான ஒன்றில் தேடவேண்டும். கடதாசி இடையிடையே வெளியே தள்ளப்படாமல் குழாயின் பக்கம் உள்ளிழுபட்டது. கழிவு வால்வொன்று சரியாக மூடவில்லை என்ற சந்தேகம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவர் எதையும் கழற்றவில்லை.

இரண்டாவதாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, காப்பிட்ட குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வயரை எஞ்சின் உடம்போடு தொடுத்துப் பிடித்தார். (வெறுங்கையால் யாரும் இதைச் செய்யவேண்டாம். வயரை அந்தரத்தில் விட்டால் மின்னணுப் பற்றவைப்புக் கருவியும் பழுதாகலாம்.) முதலாவதைக் கழற்ற எஞ்சின் மேலும் தள்ளாடியது. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலைசெய்யாத ஒன்றைக் கழற்றினால் என்ன மாற்றம் வரப்போகிறது?

இதற்கு எடுத்த நேரம் ஐந்து நிமிடம். செலவு ஒரு சதமுமில்லை. வாசகர்கள் இங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும். கொயில் நான்கு சிலிண்டர்களுக்கும் ஒன்றுதான். காபரேற்றரும் நான்குக்கும் ஒன்றுதான். அவை கெட்டிருந்தால் மூன்றாவதை மட்டும் எப்படித் தண்டிக்கும்? இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்திருந்தால், கொயிலையும் காபரேற்றரையும் வாங்கும் எண்ணமே எழுந்திருக்காது. என் 97,500 ரூபாவில் பெரும்பங்கு, யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு நான் செலுத்திய தண்டம்.

மூன்றாவதாக, மூன்றாம் சிலிண்டரின் பிளக்கையும் வயரையும் இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றினார். கோளாறு கூடவே போகவில்லை, மூன்றாவதிலேயே நின்றது. மூன்றாம் வயரின் நுனியில் பொறியும் நன்றாகப் பாய்ந்தது. ஆகவே தீப்பொறியில் குற்றமில்லை. உறிஞ்சுகுழாய்ப் பொருத்தின்மீது சிறிது நீர் விட்டுப் பார்த்தார். எஞ்சினின் ஓசையில் மாற்றமில்லை. காற்றுக் கசிவும் இல்லை. எஞ்சியது அமுக்கம்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே நான்கு பிளக்குகளையும் கழற்றி, பற்றவைப்பைத் துண்டித்து, அக்சிலறேற்றரை முழுதாக மிதிக்கச் சொல்லி அமுக்கமானியால் அளந்தார். முதலாவது 155. இரண்டாவது 150. நான்காவது 155. மூன்றாவது 95. சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில் வந்த இலக்கங்கள் இவை. மூன்றாவதுக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்தார். பிஸ்ரன் வளையம் தேய்ந்திருந்தால் ஒயில் அந்த இடைவெளியை அடைத்து அளவை உயர்த்தியிருக்கும். அளவு 100 ஐத் தாண்டவில்லை. ஆகவே வளையமல்ல. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இங்கே ஒன்றுமட்டுமே. ஆகவே வால்வு.

மேல்மூடியைக் கழற்றி, மூன்றாம் சிலிண்டரின் கழிவு வால்வுக்கும் அதை மிதிக்கும் றொக்கருக்கும் இடையே பீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். சூடான எஞ்சினில் அங்கே 0.30 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். உறிஞ்சு வால்வுக்கு 0.20. அவரிடமிருந்த 0.05 மில்லிமீற்றர் தகடுகூட நுழையவில்லை. இடைவெளியே இல்லை. எஞ்சின் சூடேறி வால்வுத் தண்டு நீண்டதும், வால்வு தன் இருக்கையில் முழுதாக அமர முடியாமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அமுக்கம் அந்த வழியால் ஒழுகியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது ஒழுகுவதற்கு நேரம் அதிகம், அதனால் எரிவு தவறியது. வேகமாக ஓடும்போது நேரம் குறைவு, அதனால் சமாளித்தது. நான் மூன்று வாரமாகக் கண்ட அறிகுறிகள் அத்தனைக்கும் விடை அங்கே இருந்தது.

ஒரு நட்டைத் தளர்த்தி, ஒரு திருகாணியைச் சற்றுத் திருப்பி, மீண்டும் இறுக்கினார். எட்டு வால்வுகளையும் சரிபார்த்தார். மூன்றாவதின் அமுக்கம் 140 க்கு ஏறியது. வண்டி குலுங்குவதை விட்டது. புதிதாக வாங்கிய பொருள் மேல்மூடிக்கான ஒரு காஸ்கெட் மாத்திரமே. "இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் வால்வு எரிஞ்சிருக்கும் ஐயா. பிறகு ஹெட்டைக் கழட்டத்தான் வேணும்" என்றார். வால்வு தன் சூட்டை இறக்குவது இருக்கையில் அமரும்போதுதான். அமர முடியாத வால்வு எரிந்து ஓட்டையாகும்.

இங்கேதான் என் பெயர் வருகிறது.

அந்த இடைவெளி எப்படி இல்லாமற் போயிற்று? மூன்று மாதங்களுக்கு முன், எஞ்சினிலிருந்து டிக், டிக் என்று மெல்லிய சத்தம் வருகிறது என்று நானே அந்தக் கராஜில் முறையிட்டிருந்தேன். வால்வுகளின் இடைவெளியால் வரும் இயல்பான சத்தம் அது. எனக்கு அது பிடிக்கவில்லை. சத்தத்தை நிறுத்தித் தரச் சொன்னேன். இறுக்கித் தந்தார்கள். எஞ்சின் அமைதியாயிற்று. நான் மகிழ்ந்துபோய்க் கூலிக்குமேல் தேநீர்ச் செலவும் கொடுத்தேன். சத்தம் கேட்காத இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பக்கூடாது என்பதை நாற்பது ஆண்டுகளாக எழுதிவந்தவன், சொந்த வண்டியில் அதை மறந்துபோனேன்.

இரண்டாவது குற்றமும் என்னுடையதே. வேப்பமரத்தடியில் அரைநாள் செலவிட்ட மனிதர் கூலியாக 4,000 ரூபா கேட்டார். "ஒரு திருகாணிதானே அண்ணை திருப்பினீங்கள், 3,000 எடுங்கோவன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் மறுபேச்சில்லாமல் 3,000 ரூபாவை வாங்கி மடித்து வைத்தார். எதற்கும் உதவாத காபரேற்றருக்கு 48,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தபோது நான் பேரம் பேசவில்லை. பெட்டிக்குள் ஒரு பொருள் இருந்தது, கையில் வாங்கிப் பார்க்க முடிந்தது. அறிவுக்குப் பெட்டியில்லை. ஆகவே அதன் விலையைக் குறைத்தேன். மறுநாள் போய் மிகுதி 1,000 ரூபாவைக் கொடுத்தேன். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

கராஜ்காரர்கள் இதை எனக்கு எதிராகச் சொல்வார்கள் என்பது தெரியும். "கண்டுபிடிக்கச் செலவாகும் நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்? பாகத்தை மாற்றினால்தான் எங்களுக்கு வருமானம்." இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைக்கமாட்டேன். பொருளுக்குப் பணம் கொடுத்து யோசனைக்குக் கொடுக்க மறுக்கும் வாடிக்கையாளர்கள், பொருளை விற்றுவிட்டு யோசிக்க மறுக்கும் கராஜ்களை உருவாக்கியிருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் முறையாகக் கற்றுக்கொண்டு வரும் இளைஞர்களையும் இதே சந்தைதான் எதிர்கொள்கிறது. அளந்து பார்க்கத் தெரிந்த பிள்ளையின் கையில் அமுக்கமானியைக் கொடுக்காமல், உதிரிப்பாகக் கடைக்குப் போய்வரச் சொன்னால் அவன் எவ்வளவு காலத்துக்கு அளப்பான்?

ஆனால் அந்த வாதம் முழு விடுதலையைத் தராது. கண்டுபிடிப்பதற்குக் கூலி வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேட்கவேண்டும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி, "சந்தேகமே இல்லை" என்று அடித்துக்கூறி, மூன்று முறை பொருளை விற்றுவிட்டு, கடைசியில் வண்டியின் வயதைக் காட்டுவது நேர்மையான தொழிலாகாது.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருப்போர், "எங்களிடம் கணினி இருக்கிறது, இந்தப் பிரச்சினை இல்லை" என்று நினைக்கக்கூடும். அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டிலிருந்து கார்களிலும் சிறிய டிரக்குகளிலும் ஓபிடி-2 முறை கட்டாயமாக்கப்பட்டது. கருவியைப் பொருத்தினால் பி0303 என்று காட்டும். மூன்றாம் சிலிண்டரில் எரிவு தவறுகிறது என்பது அதன் பொருள். அதைக் கண்டதும் மூன்றாவதின் கொயிலை வாங்கிப் பூட்டுகிறவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். கணினி எப்படி அதை அறிகிறது? ஒவ்வொரு எரிவின்போதும் எஞ்சின் தண்டின் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று கவனித்து, எந்தச் சிலிண்டரின் முறையில் அது தளர்கிறது என்று கணக்கிடுகிறது. வேப்பமரத்தடிக் கிழவர் குறட்டினால் ஐந்து நிமிடத்தில் அறிந்தது எதுவோ அதையே கணினியும் அறிகிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை. எந்தச் சிலிண்டர் என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. பொறியா, கலவையா, அமுக்கமா என்ற விசாரணை அங்கேயும் மனிதனுக்கு உரியதே.

எங்களுக்கு இந்த விசாரணை புதிதன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத நாட்களில், எங்கள் மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைச் சிறு போத்தலால் பீச்சி எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்கம் குறைந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்கள் அதைத் தாங்கின. பிளக்கில் கரி பிடிக்கும், ஒயில் நீர்த்துப்போகும், எரிவு அடிக்கடி தவறும். உதிரிப்பாகம் வாங்க வழியில்லை. மாற்றிப் பார்ப்போம் என்று சொல்ல மாற்றுவதற்கு ஒன்றுமில்லாதபோது, எது கெட்டது என்று கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அந்தப் பஞ்சத்தை நான் புகழவில்லை. அது மனிதர்களைக் கொன்ற பஞ்சம். ஆனால் பஞ்சத்தில் கற்ற அறிவை, கடைகள் நிறைந்த காலத்தில் எறிந்துவிட்டோமே என்பதுதான் என் துயரம்.

கடைகள் நிறைந்த காலமும் நிலையானதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இந்த நாடு பெரும்பாலும் தன்னிடமிருந்த வாகனங்களைக்கொண்டே ஓடியது. அந்த ஐந்தாண்டும் எத்தனை தோட்டக்காரர்களின் வண்டிகள், ஒரு திருகாணி திருப்பப்படாத காரணத்தால் பழைய இரும்புக்குப் போயினவோ!

ஆகவே வாகனம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எதையும் வாங்குமுன் எந்தச் சிலிண்டர் என்று கேளுங்கள். அமுக்கத்தை அளந்து இலக்கத்தைத் தாளில் எழுதித்தரச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கி வாருங்கள், பெரும்பாலும் அது நல்ல பாகமாகவே இருக்கும். எஞ்சின் சத்தம் போடுகிறது என்று உடனே வாயை அடைக்கச் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதைக் கண்டுபிடித்தவருக்கு அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

என் பழைய காபரேற்றரையும் கொயிலையும் துடைத்து மீண்டும் பூட்டி, ஆறு மாதங்களுக்கு மேல் வண்டி ஓடியது. இரண்டிலும் எந்தப் பழுதும் இல்லை. புதியவை இரண்டும் என் மேசைக்கருகில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. விருந்தினர் யாராவது அவை என்னவென்று கேட்டால், யோசிக்காமல் செலவழித்த 62,000 ரூபா என்று சொல்கிறேன்.